கூரைக்கான இலைகள்

மெர்வ் தொலைபேசிப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். சமையலறைத் தரையெங்கும் சிவப்பு மேப்பிள் இலைகள்.

"அப்பா! என்ன பண்றீங்க?" என்றாள் லினெட்.

"பாஸ்கோ நம்பர் தேடுறேன். பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கு."

அந்த மலையூரில் சவ அடக்கத்துக்கு பாஸ்கோ ஒருவர்தான். அம்மா கோரல் காலை ஆறேகாலுக்கு இறந்திருந்தாள். இப்போது ஏழு பத்து. நேரத்தை எதற்காகப் பார்க்கிறோம் என்று லினெட்டுக்கே புரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தன்னிடம் ஏதோ கோளாறு என்று நினைத்தாள்.

பூமியின் தென்பாதியில் இருந்த அந்த ஊருக்கு ஏப்ரல்தான் இலையுதிர் காலம். ஒவ்வொரு ஏப்ரலிலும் அம்மா இலைகளை அழுத்திக் காயவைத்து அவற்றாலேயே படம் ஒட்டுவாள். இந்த வருடப் படம் இதே வீடு. பாப்ளர் இலை மஞ்சளில் சுவர், ஓக் இலைப் பழுப்பில் வராந்தா, எல்லாம் முடிந்திருந்தது. கூரை மட்டும் பாக்கி. அதற்கான சிவப்பு இலைகளை ஞாயிற்றுக்கிழமை, பனி உலர்ந்த பிறகு, லினெட்தான் பறித்து வந்தாள். பழைய தொலைபேசிப் புத்தகங்கள் நிரம்பிவிட்டதால் இந்த வருடப் புத்தகத்திலேயே வைத்து, மேலே இரண்டு செங்கல்.

"பதினாலு நாள் யாரும் தொடக்கூடாது," என்றாள் அம்மா அன்று படுக்கையிலிருந்து. "நான் இல்லன்னா கூரைய நீ ஒட்டிடு. கோணலா ஒட்டினே, மேலேருந்து கத்துவேன்."

இன்று வியாழன். நான்கே நாள்.

லினெட் எண்ணைக் கண்டுபிடித்து பாஸ்கோவுக்குப் பேசினாள். பிறகு தரையில் உட்கார்ந்து இலைகளைக் காம்பு பிடித்து ஒவ்வொன்றாக எடுத்தாள். சிலவற்றின் ஓரம் அதற்குள் சுருள ஆரம்பித்திருந்தது.

"கெட்டுப்போச்சா?"

"தெரியலப்பா."

"எப்பவும் பழைய புத்தகத்துலதானே வைப்பா. எனக்கென்ன தெரியும்?"

"மேல செங்கல் இருந்துச்சே."

"இருந்துச்சு." மெர்வ் தன் கைகளைப் பார்த்தார். "நான்தான் எடுத்துக் கீழ வச்சேன்."

அவள் இலைகளைப் பக்கங்களுக்கு நடுவே பரப்பி மூடினாள். செங்கல்லுக்காகத் திரும்புவதற்குள் மெர்வ் புத்தகத்தை வாங்கி, நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நூற்றுப் பத்து கிலோ. 'நீ ஒருத்தன் உக்காந்தா போதும், செங்கல்லே வேணாம்' என்று அம்மா வருடா வருடம் கிண்டல் செய்வாள். அவர் ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லை.

பாதியில் ஒருமுறை புத்தகத்தைத் திறந்தால் இலை சுருங்கித்தான் போகும் என்று அம்மா சொன்னதாக ஞாபகம். சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று லினெட்டுக்குச் சந்தேகமாக இருந்தது. கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

எட்டரைக்கு பாஸ்கோ தன் ஆளோடு வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மெர்வ். கோரல் மாதிரி வராது."

"ஆமா," என்று உட்கார்ந்தபடியே கை கொடுத்தார் மெர்வ்.

முன்வாசல் குறுகல் என்பதால் ஸ்ட்ரெச்சர் சமையலறை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. மேசையருகே பாஸ்கோ நின்றார். மெர்வ் எழுந்து வருவார் என்று காத்திருந்தார். பிறகு லினெட்டைப் பார்த்தார்.

"அவர் எந்திரிக்க மாட்டார்," என்றாள் அவள். "நீங்க போங்க."

ஸ்ட்ரெச்சர் தன்னைக் கடந்தபோது மெர்வ் போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டார். பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாற்காலியின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தார்.