பெயர் விழாத பத்திரிகை

மை காயாத சோதனைத் தாளை மேசையில் போட்டுவிட்டு, "எங்கம்மா பேரு எங்க, அக்கா?" என்றாள் முத்துமீனா. அச்சகத்துக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பவதாரிணி எட்டிப் பார்த்தாள். முத்துமீனாவின் கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள், மண்டபம், முகூர்த்தம் எல்லாம் மெரூன் பின்னணியில் பளிச்சென்று வெள்ளையாக விழுந்திருந்தன. 'அழைப்பவர்' என்பதற்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை. செல்லக்கிளி என்ற பெயர் இருக்கவேண்டிய இடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

தகப்பன் இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பன் பெயரில் பத்திரிகை அடிப்பது கொட்டாம்பட்டியில் அந்தக் குடும்பத்து வழக்கம். முதலில் பெரியப்பா விருமாண்டி பெயரைத்தான் போட்டிருந்தார்கள். களையெடுத்தும் கதிரறுத்தும் தன்னை நர்ஸாக்கிய அம்மாதான் ஊரை அழைக்கவேண்டும் என்று முந்தாநாள் வந்து மாற்றச் சொன்னவள் முத்துமீனா. பின்கட்டில் அச்சு ஓடும்போது மெஷின் பக்கம் நின்றவர் விருமாண்டி ஒருவர்தான். அவள் கண் இப்போது அவர் மேலேயே இருந்தது.

"பெரியப்பா, நீங்கதான எடுக்கச் சொன்னீக?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"விடு தாயி, அவுக பேரே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் நாற்காலி நுனியில் இருந்த செல்லக்கிளி. "கல்யாணம் நல்லபடியா நடந்தாப் போதும்." பவதாரிணிக்குப் பொறுக்கவில்லை.

"யாரும் எதையும் எடுக்கல. செத்த நேரம் பேசாம இருங்க."

இந்தச் செல்லூர்ச் சந்தில் உட்கார்ந்ததில், கம்ப்யூட்டர் எத்தனை விதமாகக் காலை வாரும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஃபான்ட் சிக்கலென்றால் எழுத்து கட்டம் கட்டமாக வரும், இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இப்படிச் சுத்தமாக மறையாது. அச்சுக்கு அனுப்பிய பி.டி.எஃப். கோப்பைத் திறந்தால் திரையில் பெயர் ஜம்மென்று இருந்தது. அப்போதே புரிந்துவிட்டது. திருடன் அவளேதான்.

அன்றைக்கு இருந்த அவசரத்தில் ஒரு பழைய கறுப்பெழுத்துப் பத்திரிகையிலிருந்து அந்த வரியைத் தூக்கி ஒட்டி, பெயரைத் திருத்தி, நிறத்தை வெள்ளையாக்கியிருந்தாள். கறுப்புக்குப் போட்டிருந்த, பின்னணி நிறத்தை எழுத்துக்கு அடியிலும் விடாமல் அடிக்கும் ஓவர்பிரிண்ட் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த டிக்கை எடுத்தாள். அச்சில் எப்படி விழும் என்று காட்டும் பார்வையில் வைத்துப் பார்த்தாள். பெயர் நின்றது.

"தப்பு எம்மேலதாம்மா. வெள்ளை எழுத்துக்கு மையே கிடையாது. அந்த எடத்துல மை விழாம பேப்பர் தெரியணும். நான் பழைய வரிய ஒட்டுனதுல மெரூன் அது மேலயும் அப்பிருச்சு. வேற பிளேட் போட்டு இப்பவே அடிச்சுத் தாரேன்."

முத்துமீனாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "மன்னிச்சிருங்க பெரியப்பா."

"எடுக்கச் சொல்லணும்னு நெனச்சேன் தாயி" என்றார் விருமாண்டி. "சொல்லத்தான் இல்ல."

பிளேட் மாறி மெஷின் மறுபடி ஓடியது. மை காயாத புதுத் தாளை விருமாண்டியே ஓரம் பிடித்துக் கொண்டுவந்து செல்லக்கிளி மடியில் வைத்தார்.

"இதுல எது தாயி எம் பேரு?" என்று மகளைக் கேட்டாள் அவள்.

முத்துமீனா காட்டினாள். செல்லக்கிளி, எத்தனையோ சீட்டுகளில் கைநாட்டு வைத்துப் பழகிய பெருவிரலை அங்கே வைத்து, வழக்கம்போல அழுத்தினாள். எடுத்தபோது விரலெல்லாம் மெரூன். அதற்கு நடுவே மை ஒட்டாத தோலாக, இடம் வலம் மாறி, அவள் பெயர்.