வெள்ளைப் பாத்தி

என் வீட்டுக்காரர் தையல்காரர். கண்ணை மூடிக்கொண்டு தடவியே இது பருத்தி, இது பாலியெஸ்டர் என்று சொல்லிவிடுவார் என்று கடைத்தெருவே பெருமையாகப் பேசும். கண்ணை மூடிக்கொண்டால் சரிதான். திறந்தால்தான் இப்போதெல்லாம் தகராறு.

இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் சிக்கலாகிவிடும் என்று டாக்டர் சொல்லி மழைக்காலமும் பனிக்காலமும் போய்விட்டன. இவரோ, பூதானே, விழுந்துவிட்டுப் போகட்டும் என்று சிரித்து மழுப்புவார். கண்ணில் கத்தி வைப்பது என்றாலே அவருக்கு உதறல். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவார். கேட்டால், உனக்கும் பொழுது போக வேண்டாமா என்பார். போன வாரம் கருநீலச் சட்டைக்குக் கறுப்பு நூலில் காஜா எடுத்துவிட்டு, அதுதான் புது நாகரிகம் என்று சாதித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படிப்பட்டவர், வசந்தம் வந்துவிட்டது, மேலே தோட்டத்துக்குப் போவோம் என்று தானே கூப்பிட்டார். வருஷா வருஷம் போவதுதான். மலைச்சரிவில் தட்டுத் தட்டாக ஏறிப்போகிற தோட்டம். பிளம் மரங்கள் இலையே தெரியாமல் பூத்திருந்தன. படியோரம் முழுக்கப் பான்ஸிப் பூக்கள், மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்ட பூனைக்குட்டிகள் மாதிரி. குளிர் விட்டு வெயில் இதமாக இருந்தது. எனக்குக் கோபத்திலும் மனசு குளிர்ந்துதான் போனது. எனக்கு மூச்சு வாங்குமாம், அதனால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படிக்கும் அவர் பிடி இறுகியது.

மஞ்சள் ரோஜா என்று நான் சொன்னால், ஆமாம், என்ன மஞ்சள் என்பார். சிவப்பு என்றால், அடேயப்பா என்பார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. இனி வாயைத் திறப்பதில்லை என்று பேசாமல் நடந்தேன். மேல் தட்டுக்கு வந்ததும் அவராகவே நின்றார்.

"இதப் பாரு. இப்படி ஒரு வெள்ளைப் பாத்திய நான் பார்த்ததே இல்ல. ஒரு இலை தெரியுதா பாரு, அப்படி அடைச்சுப் பூத்திருக்கு."

நாற்று இரவுப் பனியில் கருகிவிடக் கூடாதென்று போர்த்தியிருந்த வெள்ளைத் துணி அது. பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த தோட்டக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இவ்வளவு நாள் வைத்திருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. அழுகைதான் வந்தது. ஆமாங்க, நல்லா இருக்கு என்று சொல்லிவைத்தேன்.

அவர் குனிந்து தொட்டுப் பார்ப்பார் என்று நான் நினைக்கவில்லை. விரல் பட்டதும் அப்படியே நின்றது. பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், கடையில் செய்வதுபோலவே, மெல்லத் தேய்த்துப் பார்த்தன.

"காடாத் துணி," என்றார். "பழசு. நிறையத் தடவ தோச்சது."

காற்றில் துணி லேசாக உப்பி அடங்கியது.

"துணியப் போயி பூன்னு சொல்லிட்டேனே."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். இவர் பிழைப்பே துணி. அந்தத் துணியின் ஓரத்தில் பிரிந்திருந்த தையலை நீவிக்கொண்டே வெகுநேரம் குந்தியிருந்தார். அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தூக்கிப் பார்த்தேன்.

"நாத்துதாங்க. இன்னும் மொட்டே விடல. பூக்க நாளாகும்."

"அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிருமா?"

முடிந்துவிடும் என்றேன். இறங்கும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மூச்சு வாங்கும் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.