படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறை

நூற்றிருபது வயதான எங்கள் பள்ளிக்கூடத்தை ஊரார் பார்க்கட்டும் என்று வருடத்தில் ஒரு ஞாயிறு திறந்துவிடுகிறார்கள். நாற்பத்தைந்து வருடமாக அந்தத் தெருப்பக்கமே நான் போனதில்லை. இந்த முறை என்னைப் போகவைத்தது துண்டறிக்கையில் இருந்த ஒரு வரி: ‘குறும்புக்காரர் அறை. உள்ளே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்.’

சுற்றிக் காட்டியவர் எங்கள் விளையாட்டு வாத்தியார். அன்றே எங்களுக்கு அவர் விசில் சார். எழுபது வயதிலும் விசில் கழுத்தில் தொங்கியது. தேக்கு உத்தரம், வண்ணக் கண்ணாடி என்று அளந்துவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் காலத்தில் தண்டனைக்குப் பூட்டிவைக்கும், ஜன்னல் இல்லாத அறை. புதிதாக வெள்ளையடித்து மஞ்சள் விளக்குப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் தன் மகளை உள்ளே நிறுத்தி, அழுகிற மாதிரி முகத்தை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தாள்.

“இதுக்குள்ள ஒரு மணி நேரம் இருந்தவன் ஒருத்தனும் சோடை போகல” என்றார் விசில் சார். எல்லோரும் சிரித்தார்கள்.

“என் தம்பி செத்துப் போனானே சார்” என்றேன்.

என்னை அப்போதுதான் அடையாளம் கண்டார். தம்பிக்கு அன்று ஒன்பது வயது, மூச்சிரைப்புக்காரன். வரிசையில் பேசினான் என்று உள்ளே தள்ளிப் பூட்டினார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். பள்ளிப் பதிவேட்டில் ‘வீட்டில், நோயால்’ என்று எழுதி முடித்துக்கொண்டார்கள்.

“நல்ல நாளும் அதுவுமா அதெல்லாம் எதுக்கும்மா?” என்றார் தணிந்த குரலில்.

“எனக்கு வேற நாள் யாரும் குடுக்கலையே சார்.”

அறை வாசலிலேயே நின்றுகொண்டேன். அரை மணிக்கு ஒரு கூட்டம் வந்தது. இரண்டாவது கூட்டத்துக்கும் சொன்னேன். செயலாளர் ஓடிவந்து, ஆபீசில் உட்கார்ந்து பேசலாம், வேண்டுமானால் மனு எழுதிக் கொடுங்கள் என்றார். நிற்க எனக்குத் தெம்பிருக்கிறது என்றேன்.

மூன்றாவது கூட்டத்தின் நடுவே விசில் சார் குறுக்கிட்டார். “சாவி யார்கிட்ட இருந்துச்சு? அதையும் சொல்லும்மா.”

அதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நான்தான் அந்த அறைக்கு மானிட்டர். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. மணியடிக்கும் முன் திறந்தால் திறந்தவருக்கும் ஒரு மணி நேரம். அவர் போட்ட சட்டம் அது. தம்பி முதலில் கையால் தட்டினான். பிறகு நகத்தால் பிறாண்டினான். நான் வெளியே உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தனையும் சொன்னேன். “எனக்குப் பதிமூணு வயசு. சாவியக் குடுத்தது இவரு. ரெண்டு பேரும் சேந்துதான் கொன்னோம். நான் ஒத்துக்கிட்டேன். இவரக் கேளுங்க.”

யாரும் படம் எடுக்கவில்லை.

அடுத்த கூட்டம் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் நகரவில்லை. இந்த முறை சாவியிலிருந்தே தொடங்கினேன்.