பெட்பேனில் பானகம்

மானிட குலத்தின் அறிவு வளர்ச்சியில் அக்கறையுள்ள சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், 1961ஆம் வருஷம் சித்திரை மாதம், திருவானைக்காவலில் ஒரு வாசகசாலையின் வருஷாந்தரக் கூட்டத்தில், மூடநம்பிக்கை என்னும் கொடிய அரக்கி நிரந்தரமாக ஒழிக்கப்படவிருந்தாள்.

ஒழிக்கப் புறப்பட்டவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் சின்னையன். சமத்துவம் எப்போதும் அவர் நாக்கில் இருக்கும். வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது ஒரு டம்ளர்.

போன தை மாதம் வாசகசாலைத் தலைவர் நல்லுசாமியைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தார். நல்லுசாமி அரிசி மண்டிக்காரர், பழைய ஆசாரம். காபி வந்தது, குடித்தார். வாசலில் செருப்பு மாட்டுவதற்குள், அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து நெருப்பில் காட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, வழிவழியா வர்ற பழக்கம்” என்று நல்லுசாமி சிரித்தார். அந்தச் சிரிப்புதான் சின்னையனைத் தூங்கவிடவில்லை.

வருஷாந்தரக் கூட்டத்தில் நடக்கும் தலைவர் தேர்தலில் நல்லுசாமியை எதிர்த்து நின்றார். ஜெயித்தால் மட்டும் போதாது, ஊர் பார்க்க அந்த ஆள் முகம் சுருங்க வேண்டும். பெரிய கடைவீதியில் ஒரு பெட்பேன் வாங்கினார். ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாதவர்களுக்கு அடியில் வைப்பார்களே, அதேதான். சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்து, கூட்டத்துக்குக் கொண்டுபோய், எல்லார் கண்ணெதிரே அதில் ஏலக்காய் மணக்கப் பானகம் கரைத்தார்.

“ஐயா, புத்தம் புதுசு. மனுஷன் உடம்பு பட்டதே இல்ல. குடிக்க மாட்டேன்னா காரணம் சொல்லுங்க. காரணம் இல்லேன்னா, நான் குடிச்ச டம்ளரை நெருப்புல காட்டினதுக்கு இந்தச் சபையில மன்னிப்புக் கேளுங்க!”

நல்லுசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். சின்னையனுக்கு உச்சி குளிர்ந்தது.

“காரணமெல்லாம் தெரியாதுங்க” என்றார் நல்லுசாமி துண்டுக்குள்ளிருந்து. “அருவருப்பா இருக்கு, அவ்வளவுதான். உங்களுக்குத்தான் அதெல்லாம் கிடையாதே? ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க தம்பி. மன்னிப்பு என்ன, கால்லயே விழுறேன்.”

“குடிங்கண்ணே!” என்று கத்தினான் வீரமலை. சின்னையனோடு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவன், சின்னையன் ஜெயிக்க வேண்டுமென்று ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றியவன். “கொதிக்க வச்சதுதானே!”

தானே குடிப்பது என்ற யோசனை சின்னையனின் திட்டத்தில் எங்குமே இல்லை. தூக்கினார். புத்தம் புதுசு, புத்தம் புதுசு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாதத்தில் ஓட்டை கிடையாது, அவரே செய்தது. தொண்டைதான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாத்திரத்தின் வடிவத்தைப் பார்த்ததுமே அது தன் முடிவுக்கு வந்துவிட்டது.

பெட்பேனைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். மத்தியானச் சாப்பாடு மொத்தமும் சாக்கடையோரம் வெளியே வந்தது. குனிந்த நிலையிலும் நல்லுசாமியை நினைத்துப் பல்லைக் கடிக்கப் பார்த்தார், வாயை மூட முடியவில்லை.

உள்ளே கை தட்டினார்கள். நல்லுசாமி ஒருமனதாக மறுபடியும் தலைவரானார்.