நாக்பூரில் ஒற்றைக்கால்

கங்கை மதுரைக்கே எழுந்தருளப்போவதாக 1979 தை மாதத்தில் நோட்டீஸ் அடித்தாயிற்று. காசிக்குப் போய்வந்த நாட்டிய டீச்சர் ஸ்யாமளா, அந்தப் புண்ணிய யாத்திரையை நாற்பது நிமிட நடனமாக அளிப்பார் என்று சபா செயலாளர் வெங்கட்ரமணன் கையெழுத்துப் போட்டிருந்தார். கங்கை மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்யாமளாவுக்குத்தான் எதுவும் வரவில்லை.

திருப்பரங்குன்றத்து வீட்டில் பத்து நாளாக விரல்களை நெளித்து அலை விட்டுப் பார்த்தாள். வைகைக்கும் அதே அலைதான். பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவளுக்கு, சொந்தமாக அமைத்து ஆடக் கிடைத்த முதல் மேடை இது. சொதப்பினால் இன்னொன்று கிடைக்காது.

அப்போதுதான் செல்லம்பட்டியிலிருந்து ஒச்சாயி ஒரு பை நிலக்கடலையோடு வந்தாள். காசி ரயிலில் பழக்கமானவள். சற்று நேரம் ஒத்திகை பார்த்தாள்.

"என்ன டீச்சரம்மா, மீனு பிடிக்கிறீகளா?"

"இது கங்கை, அக்கா."

"கங்கையத்தேன் எல்லாரும் ஆடுவாகளே. நாக்பூருல அம்புட்டுச் சனம் ஏறுனப்ப, மறுகால் ஊன எடமில்லாம கொக்காட்டம் நின்னீகள்ல, அத ஆடுங்க. நான் சிரிக்கவாச்சும் செய்வேன்."

ஒரு மணி நேரம் அப்படி நின்றவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டவள் இந்த ஒச்சாயிதான். பெயர் கேட்டதே அதற்கப்புறம்தான். ஸ்யாமளா அங்கேயே ஒற்றைக்காலில் நின்றாள். கூட்டம், முழங்கை, மடி எல்லாம் தாமாக வந்து சேர்ந்தன.

மேடையில் அவள் அப்படி நின்றதும் சபை கன்னத்தில் போட்டுக்கொண்டது. முன்வரிசையில் வெங்கட்ரமணன் கண்ணைத் துடைத்தார்.

"பகீரதன் தவம்! கங்கைக்காக ஒத்தக்கால்ல நிக்கறான் பாருங்கோ!"

"அது நாக்பூர் ஸ்டேஷனுய்யா," என்றாள் பக்கத்திலிருந்த ஒச்சாயி. "இப்ப முட்டில இடிக்குது பாருங்க, அது எம் பொட்டி."

முடிந்ததும் அவர் ஸ்யாமளாவுக்குப் பொன்னாடை போர்த்தி, பகீரதனைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். தலையை ஆட்டியிருந்தால் அடுத்த வருஷ மேடையும் நிச்சயம். அவள் மைக்கை வாங்கினாள்.

"இதுல பகீரதனே இல்ல. ரயில்ல நின்னது நான். எடம் குடுத்தது, எனக்கு இந்த ஆட்டத்தைக் குடுத்தது, ரெண்டும் இவங்கதான்."

கீழே இறங்கி, பொன்னாடையை ஒச்சாயிக்குப் போர்த்திக் கும்பிட்டாள். "அடி ஆத்தி, எனக்கெதுக்கு இம்புட்டுச் சரிகை?" என்றாலும் ஒச்சாயி அதை இழுத்து மூடிக்கொண்டாள்.

வெங்கட்ரமணன் அசரவில்லை. "என்ன அடக்கம்! ஆனா கடைசி அஞ்சு நிமிஷம் காலைக் கீழயே வைக்கலியே, அது தவமில்லாம வேறென்ன?"

உண்மையில் அப்போது ஸ்யாமளாவுக்குத் தொடை பிடித்துக்கொண்டு கால் இறங்கவில்லை.