பாலத்தில் நிற்கும் ஆடு

"பரண்மேல ஒரு ஷூ டப்பா இருக்கும்க்கா. செவப்பு மூடி போட்டது. அதைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, கணவரின் கடையில் வேலை பார்க்கும் நெட்டை இப்படிக் கேட்டதும், டப்பா எங்கே இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை அவளுக்கு. என் வீட்டுப் பரண்மேல் என்ன இருக்கிறது, அதற்கு என்ன நிறத்தில் மூடி போட்டிருக்கிறது என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்றுதான் தோன்றியது. அந்த டப்பா அங்கே இருப்பது வீட்டுக்காரியான அவளுக்கே தெரியாது.

எதையும் சந்தேகப்பட்டுப் பார்ப்பதே அவள் வேலை. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையில், விற்ற பொருளைத் திருப்பி வாங்கும் கவுண்டர் அவளுடையது. கைதவறிக் கீழே போட்ட மிக்சியைக் கொண்டுவந்து, பெட்டியைத் திறக்கவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். விருந்துக்கு வாங்கி, விருந்து முடிந்ததும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, பிடிக்கவில்லை என்பார்கள். அவள் ஸ்குரூவின் தலையைப் பார்ப்பாள், ஒயரின் மடிப்பைப் பார்ப்பாள், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். அப்புறம்தான் ஆளின் முகத்தைப் பார்ப்பாள். மேனேஜரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் அவளை எக்ஸ்ரே என்றுதான் சொல்வார்கள், அவள் காதில் விழாத தூரத்தில். கணவர் அதை அவள் காதில் விழும்படியே சொல்வார். "வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழட்டி ஆணியில மாட்டிடேன்" என்று சிரிப்பார்.

இப்போது அவரால் அது முடியாது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்த காலையோடு வலது கையும் காலும் பாதி போயின, பேச்சு முழுக்கப் போயிற்று. புத்தி தெளிவாக இருந்தது. சொல்வதெல்லாம் புரிந்தது. வாய் வரைக்கும் வந்த வார்த்தை அங்கே கதவடைத்திருப்பதைக் கண்டு திரும்பிப் போய்விடும். "ப்ச்" என்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் பூனை, சாவி, கரண்டி என்று படம் போட்ட அட்டைகளை வரிசையாக மேஜையில் வைத்தபோது, இடது கையால் அத்தனையையும் தரையில் தள்ளிவிட்டார். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையை ஒற்றை ஆளாகத் தொடங்கி ஊர்ப்பட்ட மெஷின்களைப் பிழைக்கவைத்த மனுஷன். அவரிடம் போய்ப் பூனைப் படத்தைக் காட்டினால்?

அந்தக் கடையில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவள்தான் நெட்டை. இப்போது கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வாசற்படியில் தலைகுனிந்து நுழையும் உயரம், ஒட்ட வெட்டிய முடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்குரூடிரைவர். கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் கணவர் படுத்திருந்தபோது வராந்தாவின் கோடியில், சுவரைப் பார்த்துக்கொண்டு இவள் அழுததை அவள் பார்த்திருந்தாள். முதலாளிக்காக இவ்வளவு அழுகையா என்று அன்றைக்கே மூக்கில் வியர்த்தது. நேரம் அதுவல்ல என்பதால் மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

பகலில் அவருக்குத் துணையிருக்க வரும் நாத்தனார் அந்த முடிச்சைச் சும்மா விடவில்லை. "அண்ணி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு வந்தா அண்ணன் முகமே மாறுது. எனக்கென்ன வந்துது, பார்த்தேன், சொன்னேன்" என்றாள்.

ஷூ டப்பா பரணின் கடைசி மூலையில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் இருந்தது. இறக்கியதும் கொடுத்துவிடவில்லை. கூடத்தில் நெட்டை காத்திருக்க, உள்ளறையில் வைத்துத் திறந்து, உள்ளே இருந்த சிடிகளை ஒவ்வொன்றாக எடுத்து உறையை உதறிப் பார்த்தாள். கடிதம் கிடிதம் ஏதாவது விழும் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. ஒன்றும் விழவில்லை. அடியில் மட்டும் ஒரு குட்டி ஒயர் கிடந்தது. ஒரு முனையில் பிளக், மறுமுனையில் இரண்டு துளை. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் கடையிலும் விற்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக் கேட்பதற்கானது. ஒயரைத் தன் பீரோவில் வைத்துவிட்டு டப்பாவோடு கூடத்துக்கு வந்தாள்.

கணவரின் சக்கர நாற்காலிக்கு முன்னால் மேஜையை இழுத்துப் போட்டு, நெட்டை லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

"என்ன செய்யப் போறீங்க?"

"இவரு முன்னாடி விளையாடின கேம்க்கா. கதை மாதிரி போகும். ஒரு போஸ்ட்மேன், தீவுல ஒரு பார்சல் குடுக்கணும். சண்டை கிண்டை எதுவும் இல்ல, யோசிச்சு யோசிச்சு மெதுவா விளையாடலாம். அந்தக் காலத்துக் கேம், இந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அதோட பாஷை புரியாது. அதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதைத்தான் போட்டிருக்கேன்."

"எவ்வளவு?"

"இலவசம்தான்."

அவள் புருவம் ஏறியது. சும்மா கொடுக்கிறான் என்றால் நம்மிடமிருந்து எதையோ எடுக்கிறான். கவுண்டரில் அவள் கற்ற முதல் பாடம் அது. "சும்மா எதுக்குக் குடுக்கிறான்?"

"பழைய கேம் அழிஞ்சிடக் கூடாதுன்னு ஊர் உலகத்துல இருக்கிறவங்க ஒண்ணு சேர்ந்து எழுதினது. யாரும் எதையும் எடுக்க மாட்டாங்கக்கா."

"அப்போ கேம் அதுக்குள்ளயே இருக்கா?"

"இல்ல. இது வெறும் ஓட்டுற ஆள்தான். வண்டி நம்மளுது." நெட்டை சிடியை வெளி டிரைவில் போட்டு, அதிலிருந்த ஃபைல்களை ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுத்தாள். சாஃப்ட்வேரின் ஜன்னல் காலியாகத் திறந்தது. பக்கத்தில் சில பட்டன்கள். கேமைச் சேர்ப்பதற்கான பட்டனை அழுத்தி, அந்த ஃபோல்டரைக் காட்டியதும், யாரும் சொல்லாமலே கேமின் பெயர் வந்து நின்றது. "பார்த்தீங்களா, அதுவே அடையாளம் கண்டுபிடிச்சிடுச்சு."

திரையில் கடல், ஒரு மரப்பாலம், நீலத் தொப்பி வைத்த போஸ்ட்மேன். திரையின் அடியில், பார், எடு, திற, கொடு, பேசு என்று அர்த்தம் வரும் ஆங்கில வார்த்தைகள் வரிசையாக. வார்த்தையைத் தொட்டுவிட்டு, பொருளையோ ஆளையோ தொட்டால் போஸ்ட்மேன் அதைச் செய்தான். பாலத்தின் நடுவில் ஒரு ஆடு வழியை மறித்து நின்றது. போஸ்ட்மேன் நெருங்கியதும் அது மெதுவாகத் திரும்பித் தன் பின்பக்கத்தைக் காட்டியது.

கணவர் சிரித்தார்.

விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்ததில்லை. வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறி, தோள் குலுங்கி, கண்ணோரம் நனையச் சிரித்தார். அதே நொடியில் நெட்டையும் சிரித்தாள். இரண்டு சிரிப்பும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிந்தன.

சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டாள். "இதுல என்ன அப்படிச் சிரிப்பு?"

"அது... சொன்னா புரியாதுக்கா" என்ற நெட்டை, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மத்தியானம் கடையில ஆள் வராத நேரத்துல விளையாடுவோம். இந்த ஆட்டுகிட்டயே ரொம்ப நாள் மாட்டிக்கிட்டு நின்னோம். அதான்."

மத்தியானம். சாப்பிடக்கூட நேரமில்லை, நிற்க நேரமில்லை என்று டிபன் பாக்ஸைப் பாதி திறந்த மாதிரியே திருப்பிக் கொண்டுவந்த மத்தியானங்கள். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமில் ஆட்கள் வாயசைத்தார்கள், குரல் வரவில்லை. எழுத்து மட்டும் ஓடியது. குரலெல்லாம் இரண்டாவது சிடியில் இருக்கிறது, அதில் கீறல் விழுந்து டிரைவ் படிக்க மறுக்கிறது என்றாள் நெட்டை. "கடைக்கு எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணி, வியாழக்கிழமை கொண்டு வர்றேன்."

"சிடி இங்கேயே இருக்கட்டும்" என்றாள் அவள். "லேப்டாப்பும் இருக்கட்டும். நீங்க சிரமப்பட வேண்டாம். நானே பார்த்துக்கிறேன்."

அவளுக்கு மெயில் அனுப்பக்கூட மகள்தான் வெளியூரிலிருந்து போனில் சொல்லித்தர வேண்டும். அது நெட்டைக்கும் தெரியும். "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து வாசலைத் தாண்டிப் போனாள்.

வார விடுமுறையன்று காலையில் சமையலை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வீறாப்புதான் காரணம், அதை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை. இந்தச் சாஃப்ட்வேர் எனக்கு வசப்பட்டுவிட்டால் அவள் இந்த வீட்டுப் படியேற என்ன காரணம் இருக்கும்? மெத்தென்ற துணியால் கீறல் விழுந்த சிடியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தாள். நகலெடுப்பது பாதியில் நின்றது. மறுபடி துடைத்தாள், மறுபடி நின்றது. கணவர் தன் நாற்காலியிலிருந்து "ப்ச்" என்றார். "தெரியுது, சும்மா இருங்க" என்றாள். அடுத்த முறை டிரைவ் அரிசி புடைப்பது போல நெடுநேரம் சத்தம் போட்டுவிட்டு, ஃபைல்கள் முழுவதையும் கொடுத்தது.

அவற்றைப் பழைய ஃபோல்டரிலேயே போட்டாள். அடுத்து எதை அழுத்துவது என்று தெரியாமல் எதையோ அழுத்த, பட்டியலிலிருந்து கேமின் பெயரே மறைந்துபோனது. ஜன்னல் காலி. அவரைச் சிரிக்கவைத்த ஒரே பொருளைத் தொலைத்துவிட்டோம். நெட்டையைக் கூப்பிட வேண்டியதுதான், வேறு வழியில்லை என்று போனைக் கையில் எடுத்தபோது, கணவரின் இடது கை நீண்டு மவுஸின்மேல் இருந்த அவள் கையின்மேல் வந்து உட்கார்ந்தது. மெதுவாக நகர்த்தியது. சேர்க்கும் பட்டன். அதே ஃபோல்டர். பெயர் திரும்ப வந்து நின்றது. பட்டியலிலிருந்து போனது பெயர் மட்டும்தான். கேம் இருந்த இடத்திலேயேதான் இருந்திருக்கிறது.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நேரமும் தெரிந்துகொண்டே அவளைத் தடுமாறவிட்டிருக்கிறார். கண்ணில் அந்தப் பழைய குறும்பு.

இந்த முறை குரல் வந்தது. அலைச் சத்தத்துக்கு நடுவில் போஸ்ட்மேன் தும்மினான். ஆடு கத்தியது. அவள் மவுஸைப் பிடித்துக்கொண்டு பேசு என்பதைத் தொட்டு ஆட்டைத் தொட்டாள். ஆடு பேசவில்லை. இழு என்பதைத் தொட்டாள். ஆடு முட்டியது. பார்சலைத் திறக்கப் போனாள், அது என் வேலையில்லை என்று போஸ்ட்மேன் கையை விரித்தான். கணவர் நெளிந்தார், நாற்காலியின் கையைத் தட்டினார்.

"என்ன? என்ன பண்ணணும்? கண்ணைக் காட்டினா எனக்கு என்ன தெரியும்?"

அவர் உதட்டைக் குவித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"கு... குடு."

அவள் மவுஸை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்தாள்.

"குடு" என்றார் மறுபடியும், எரிச்சலோடு, மண்டுவுக்குப் பாடம் சொல்லும் தோரணையில். "தொப்பி. குடு."

அவள் கொடுத்தாள். ஆடு தொப்பியை மென்றது, நிதானமாக, ருசித்து. பிறகு அதன் தலையில் அதே தொப்பி எப்படியோ முளைத்து நிற்க, பார்சலை வாயில் கவ்விக்கொண்டு போஸ்ட்மேனுக்கு முன்னால் நடந்து போனது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்ததால் எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வார்த்தை. இரண்டையும் அவர் அவளிடம்தான் சொன்னார். ஆனால் ஆட்டுக்குத் தொப்பி கொடுக்க வேண்டுமென்று கண்டுபிடித்த மத்தியானத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? அந்த நினைப்பு, துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும் கறை மாதிரி, சிரிப்பின் நடுவிலேயே எட்டிப் பார்த்தது.

வியாழக்கிழமை மாலை, வரவேண்டாம் என்று சொன்ன பிறகும் நெட்டை வந்தாள். கையில் ஒரு மவுஸ். இடது கைக்காரர்களுக்கென்று செய்தது. "இதைக் குடுத்துட்டுப் போயிடுறேன்க்கா."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கதவைத் தனக்குப் பின்னால் சாத்திவிட்டு வெளியே படியில் வந்து நின்றாள்.

"நேராவே கேக்கிறேன். உங்களுக்கும் அவருக்கும் நடுவுல என்ன?"

பொய் சொல்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள், அவளுக்குத் தெரியும். வாங்கிய தேதி, மாமியார் உடம்பு, வந்த வழியில் பெய்த மழை என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். உண்மையைக் கொண்டுவருகிறவர்கள் பொருளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நெட்டை கையிலிருந்த மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லக்கா. கேம்தான். ஆட்டைத் தாண்டினதும் வீட்டுல போய்ச் சொல்லணும்னு குதிச்சாரு. மறுநாள் வந்து, நீங்க அசதியா இருந்தீங்க, சொல்லலைன்னாரு. சிடியெல்லாம் செவப்பு மூடி டப்பாவுல போட்டுப் பரண்ல பத்திரமா ஏத்திட்டேன்னும் சொன்னாரு." மவுஸின் ஒயரை விரலில் சுற்றினாள். "எனக்கு இருந்துச்சு. அது அவருக்குத் தெரியாது. நீங்க கேட்டதால உங்களுக்குத் தெரியுது. அவ்வளவுதான்."

சந்தேகப்பட்டது சரியா தப்பா என்று அவளால் தீர்க்க முடியவில்லை. திருப்பி அனுப்புவதா, வாங்கி வைத்துக்கொள்வதா? கவுண்டரில் இதற்கு ஒரு கணம் போதும். இங்கே அது போதவில்லை. நெட்டை மவுஸைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. கரகரத்து, பாதி உடைந்து, ஆனால் சந்தேகமில்லாமல் வார்த்தையாக.

"வா."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர். அவளையும் அவர் வா என்றுதான் கூப்பிடுவார். நெட்டையையும் அப்படித்தான்.

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். பின்னால் அதைச் சாத்தவில்லை. நெட்டை செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கணவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில், நெடுநேரமாக யாரும் எதுவும் செய்யச் சொல்லாததால், போஸ்ட்மேன் தன் தபால் பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கன்னத்தில் கையூன்றி, திரைக்கு வெளியே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.