ஒரே ஒரு தடவை கேட்கிற ஊர்

பிரான்சின் லெ ஹாவ்ரு துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றபோது காலை ஏழு மணி. மாலை ஐந்தரைக்குள் திரும்பிவிட வேண்டும், வராதவர்களுக்காகக் கப்பல் நிற்காது என்று முந்தின நாளே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஐந்தரை மணியைப் பற்றிப் பயமில்லை. என் பயமெல்லாம் அக்டோபர் ஆறாம் தேதியைப் பற்றித்தான். அன்றைக்கு ஆமினாக்கா கோயமுத்தூரை விட்டு மெல்போர்னுக்குப் போகிறார், மகன் ஆஸிமோடு இருந்துவிட, ஒரேயடியாக. அதற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

என் பெயர் பாவாத்தாள். காங்கேயத்தில் எண்ணெய் மில், கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் வீடு, ஊரறிந்த முன்கோபம். ஆமினாக்கா அதே ஊரில் உக்கடத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பத்தொன்பது வருஷமாக ரேஸ்கோர்ஸ் சாலையில் காலையில் சேர்ந்து நடக்கிறோம். முதல் நாள் நான் ஃபிளாஸ்கிலிருந்து சுக்குக் காபி ஊற்றி நீட்டினேன். "வேண்டாமுங்க" என்றார். "அட, ஒரு வாய் குடிங்க" என்றேன். "ஐயோ, எதுக்குங்க" என்றார். "குடிங்கன்னா" என்றேன். அப்புறம் இரண்டு டம்ளர் குடித்தார். எங்கள் பக்கம் அப்படித்தான். முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது, கேட்கிறவர் மனசாரத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது தடவை கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

மார்ச் மாதம் ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போதே ஆமினாக்கா சொன்னார். "ஆஸிம் அங்கயே வந்துருங்கம்மான்னு கூப்பிடறானுங்க. போயிரலாம்னு இருக்கறேன்."

பக்கத்திலிருக்கிற சூலூருக்கு பஸ் ஏறப் போகிற மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "நல்லதுதானுங்க. தாராளமாப் போங்க" என்றேன். அதோடு சரி. அவரும் மேற்கொண்டு பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷத்தை இவ்வளவு லேசாக உதற முடிகிறதென்றால் நான் ஏன் கெஞ்ச வேண்டும்?

எங்களோடு நடக்கிற பல் டாக்டர் யுவஸ்ரீதான், "போறதுக்கு முன்னாடி மூணு பேரும் எங்கயாவது போலாம் ஆன்ட்டி" என்று இந்தக் கப்பலுக்குப் பதிவு செய்தாள்.

பஸ்ஸில் முதலில் ரூவான் என்ற ஊருக்குப் போனோம். மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் தெருவின் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றன. தெருவுக்குக் குறுக்கே வளைவு கட்டி, அதன்மேல் பெரிய தங்க நிறக் கடிகாரம் ஒன்றை வைத்திருந்தார்கள். ஆமினாக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒத்தை முள்ளுதான் இருக்குதுங்க அம்மணி. நிமிசத்தைப் பத்தி இந்த ஊர்க்காரங்களுக்குக் கவலையே இல்லை போல."

"எனக்கு இருக்குதுங்க. நடங்க" என்றேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. யுவஸ்ரீ என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

மதியம் ஒரு சின்ன உணவு விடுதியில் மீன் சாப்பிட்டோம். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆப்பிளைச் சீவி வட்டமாக அடுக்கிச் சுட்ட டார்ட் இருந்தது. உள்ளே வரும்போதே ஆமினாக்காவின் கண் அதில் விழுந்ததை நான் கவனித்திருந்தேன். இனிப்பென்றால் அவருக்கு உயிர். சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுகிற பையன் வந்து இனிப்பு ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். ஆமினாக்கா வெட்கத்தோடு சிரித்து, "நோ, நோ" என்று தலையாட்டினார். அவன் தலைகுனிந்து வணங்கி, மெனு அட்டையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

ஆமினாக்கா அவன் முதுகையே பார்த்தார்.

"ஏனுங்க பாவாத்தா, இந்த ஊர்ல ஒருக்காத்தான் கேப்பாங்களா?"

எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யுவஸ்ரீ அவனைக் கூப்பிட்டுச் சொல்வதற்குள் வழிகாட்டிப் பெண் புறப்படச் சொல்லிக் கொடியைத் தூக்கிவிட்டாள். டார்ட் அங்கேயே நின்றுபோனது.

ஹான்ஃப்ளர் சேர்ந்தபோது மணி இரண்டரை. குளம் மாதிரிச் சின்னத் துறைமுகம், சுற்றிலும் ஒல்லி ஒல்லியாக உயர்ந்த வீடுகள், நிறையப் படகுகள். ஆனால் தரையெல்லாம் உருண்டைக் கல். ஆமினாக்காவின் முழங்கால் பத்தடியிலேயே மக்கர் செய்தது. தண்ணீரைப் பார்த்துப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சர்ச்சைப் பாத்துபோட்டு வாங்க. நான் இங்கயே சித்த நேரம் இருந்துக்கறேனுங்க."

"சரிங்க" என்று கிளம்பிவிட்டேன். அப்போதும் நான் வற்புறுத்திக் கேட்கவில்லை.

அந்தத் தேவாலயம் முழுக்க மரம். கப்பல் கட்டுகிற தச்சர்கள் கட்டியதாம், கூரை கவிழ்த்த படகு மாதிரியே இருந்தது. யுவஸ்ரீ படமாக எடுத்துத் தள்ளினாள். எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. இதைப் பார்த்தால் ஆமினாக்கா என்ன சொல்லியிருப்பார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அக்டோபருக்கு அப்புறம் எதைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியதும் அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே ஒரு பேக்கரியில் அதே ஆப்பிள் டார்ட் இருந்தது. யுவஸ்ரீயின் போனில் மொழிபெயர்த்துக் காட்டி, இதில் சாராயம் எதுவும் சேர்க்கவில்லையே என்று கடைக்கார அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு ஒன்று வாங்கினேன். யுவஸ்ரீயைக் கடை பார்க்க அனுப்பிவிட்டு, கல்லில் தடுமாறித் தடுமாறி பெஞ்சுக்கு வந்தேன்.

"இந்தாங்க."

"ஐயோ, எதுக்குங்க. வேண்டாமுங்க."

"சாப்பிடுங்க."

"வயிறு ரொம்பிக் கெடக்குதுங்க அம்மணி."

"அட, சாப்பிடுங்கக்கா!"

"அப்ப ஒரு துண்டு" என்று வாங்கி, முழுதையும் தின்றார். உதட்டோரம் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொண்டு குழந்தை போல் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ஆப்பிள் துண்டுக்கே மூன்று தடவை கேட்க வேண்டிய மனுஷி இவர். மார்ச் மாதம் 'போயிரலாம்னு இருக்கறேன்' என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நடந்தாரே, எதற்குக் காத்திருந்தார்? நானோ அந்தப் பரிமாறுகிற பையனைப் போல அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவனுக்காவது நம் வழக்கம் தெரியாது. எனக்கு என்ன கேடு?

 படகுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஆமினாக்கா, நீங்க போக வேண்டாம். பேரனைப் பாத்துட்டு மூணு மாசம் இருந்துட்டு நம்மூருக்கே வந்துருங்க. நீங்க இல்லாம என்னால அந்த ரேஸ்கோர்ஸ்ல நடக்க முடியாதுங்க."

அவர் டார்ட் சுற்றி வந்த காலியான காகிதத்தை நான்காக மடித்தார்.

"வேண்டாமுங்க அம்மணி. டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு" என்றார்.

அதற்குள் யுவஸ்ரீ கைநிறையப் பைகளோடு ஓடி வந்தாள். ஆளுக்கொரு பக்கம் ஆமினாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம்.

பஸ்ஸில் நான் ஜன்னலோரம் அவருக்குக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலை ஒட்டி ஒரு பெரிய பாலம் வந்தது. தூரத்தில் எங்கள் கப்பல் வெள்ளையாகத் தெரிந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை.

"ஏனுங்கக்கா, வந்துருங்க. உங்க ஊட்டுக்கும் இன்னும் குடித்தனம் வரலைதானே?"

"சும்மா இருங்க. பையன் என்ன நெனைப்பான்?" என்றார். குரல் முன்னைப் போல் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. வாயைத் திறந்தால் உடைந்துவிடுவேன் என்று பேசாமல் இருந்தேன். பாலம் முடிந்தது. துறைமுகத்துக் கிரேன்கள் தெரிய ஆரம்பித்தன. அப்படியே கொஞ்ச தூரம் போனோம்.

ஆமினாக்கா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. என் கையை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க பாவாத்தா," என்றார், "மூணாவது தடவை கேக்க மாட்டீங்களா?"